நனோ தலைமுடி எண்ணெய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். கொஞ்சக் காலமாக "நனோ" என்று பெயர் போட்ட தலைமுடி எண்ணெய்களைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். முகநூலில் பார்த்து வாங்கியவர்களும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய போத்தலோடு வருபவர்களும், வாங்க முன் ஒருக்கா கேட்டுப்போக வருபவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கடை நெரிசலில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவதே பெரும்பாடு. முடி கொட்டுவது ஒருவரை எவ்வளவு வாட்டும் என்பது நேரில் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே ஆறுதலாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

போத்தலில "நனோ எண்ணெய்" எண்டு போட்டிருக்கு. இது என்ன, புது எண்ணெயா?

புது எண்ணெய் இல்லை. ரோஸ்மேரி, தேங்காய், பூசணி விதை, கருஞ்சீரகம் என்று ஏற்கெனவே தெரிந்த தாவர எண்ணெய்கள்தான். அவற்றை மிகமிகச் சிறிய துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள். இதை நனோ பால்மம் என்பார்கள். சில தயாரிப்புகளில் எண்ணெயைக் கொழுப்புத் துகள்களுக்குள் அடைத்திருப்பார்கள்.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 50,000 முதல் 100,000 நனோமீற்றர் வரை இருக்கும். நனோ பால்மத்தில் ஒரு துளி பெரும்பாலும் 20 முதல் 200 நனோமீற்றர்தான். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் இறக்கினார்கள். தம்பலகாமத்து ஐயா ஒருவர் அதை நினைத்து, "வயலுக்கு அடிச்சதையோ தலைக்குப் பூசச் சொல்றீங்க?" என்று கேட்டார். இல்லை ஐயா, அது வேறு பொருள், இது வேறு பொருள்.

எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது எண்டுதானே படிச்சனாங்கள். பிறகு எப்படி?

தேங்காய்ப்பாலைப் பாருங்கள். அதிலும் எண்ணெய் துளிதுளியாகத் தண்ணீரில்தான் நிற்கிறது. தேங்காயில் உள்ள புரதம் துளிகளைச் சுற்றி நின்று ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. ஆனாலும் துளிகள் பெரியவை என்பதால் சிறிது நேரம் வைத்தால் மேலே ஆடை திரளும். நனோ பால்மத்தில் புரதத்தின் வேலையை லெசித்தின், பொலிசோர்பேற் 80 போன்ற பால்மமாக்கிகள் செய்கின்றன. உயர் அழுத்த இயந்திரமோ மீயொலிக் கருவியோ துளிகளை உடைக்கிறது.

ஒரு மைக்ரோமீற்றர் என்பது ஆயிரம் நனோமீற்றர். பத்து மைக்ரோமீற்றர் அகலமான ஒரு துளியை 100 நனோமீற்றர் துளிகளாக உடைத்தால் பத்து இலட்சம் துளிகள் கிடைக்கும். எண்ணெயின் அளவு மாறாது, அதன் மேற்பரப்பு மட்டும் நூறு மடங்காகும். தோலில் படும் பரப்புக் கூடுவதும், பிசுபிசுப்பில்லாமல் பரவுவதும் இதனால்தான். துளிகள் மிகச் சிறிதானால் திரவம் வெள்ளையாகத் தெரியாது. கண்ணாடி போலவோ இலேசான நீலம் பாய்ந்தோ இருக்கும்.

அப்ப வீட்டில பிளெண்டரில போட்டு அடிச்சா வராதோ?

வராது. பிளெண்டர் தருவது மைக்ரோமீற்றர் அளவுத் துளிகளைத்தான். அதைவிட முக்கியமான விடயம், தண்ணீர் சேர்ந்த எதிலும் கிருமி வளரும் என்பது. சுத்தமான எண்ணெயில் தண்ணீர் இல்லாததால் அது மாதக்கணக்கில் நிற்கிறது. கற்றாழைச் சாறும் எண்ணெயும் அடித்த கலவை எங்கள் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். சொறிந்து புண்ணான தலையில் அதைப் பூசினால் கிருமித்தொற்று வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சின்னத் துளி எண்டா தோலைத் துளைச்சுக்கொண்டு உள்ள போகும் எண்டு விளம்பரத்தில சொல்றாங்கள். உண்மையோ?

பாதி உண்மை. தோலின் மேல் அடுக்கு இறந்த கலங்களால் ஆனது. பல இடங்களில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீற்றர்தான் என்றாலும், வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் தடுக்க அதுவே போதும். துளிகள் அதைத் துளைப்பதில்லை. அவற்றுக்குக் கிடைக்கும் நல்ல வழி மயிர்க்கால். முடி வெளிவரும் அந்தக் குழி வழியே இறங்கினால், முடி வளரும் இடத்துக்குக் கிட்டப் போகலாம். நனோ முறையில் எனக்கு நம்பிக்கை இருப்பது இந்த ஒரு விடயத்துக்காகத்தான்.

இதைப் பேர்லினில் உள்ள சாரிற்றே மருத்துவமனை ஆய்வாளர்கள் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2007 இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 320 நனோமீற்றர் துகள்களில் ஏற்றிய சாயம், பன்றித் தோலில் தேய்த்துப் பூசியபோது, துகளில்லாத சாயத்தைவிட ஆழமாக மயிர்க்காலுக்குள் இறங்கியது. துகள்கள் மயிர்க்காலில் 10 நாள் வரை தங்கின, துகளில்லாத சாயம் 4 நாள் வரைதான். 2011 இல் வெவ்வேறு அளவுத் துகள்களை ஒப்பிட்டபோது மிக ஆழமாகப் போனவை ஏறக்குறைய 640 நனோமீற்றர் துகள்கள். அவற்றைவிடச் சிறியவையும் பெரியவையும் பின்தங்கிவிட்டன. முடியின் மேற்பரப்பில் செதில்கள் அடுக்காக இருக்கின்றன. முடி அசையும்போது அந்தச் செதில்கள், தம் தடிப்புக்கு ஒத்த அளவுத் துகள்களைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஆகவே "மற்றக் கொம்பனியைவிட எங்கட துளி சின்னது" என்பது ஒரு தகுதியே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வுகளில் பாவித்தவை திண்மத் துகள்கள். எண்ணெய்த் துளி மெதுமையானது, தலையில் தண்ணீர் காயும்போது துளிகள் ஒன்றுசேர்ந்துவிடலாம். துகளுக்குக் கிடைத்த முடிவை அப்படியே எண்ணெய்த் துளிக்கும் எழுதி விற்பது சரியில்லை.

ஸ்பிரே பண்ணிவிட்டா போதும் எண்டு போட்டிருக்கு. தேய்க்கத்தான் வேணுமோ?

தேய்க்க வேண்டும். மேலே சொன்ன 2007 ஆய்வில், தேய்க்காமல் பூசியபோது துகளுக்கும் துகளில்லாததற்கும் வித்தியாசமே இருக்கவில்லை. முடி அசைந்தால்தான் உள்ளே தள்ளும் வேலை நடக்கிறது. விரல் நுனியால் மெதுவாக நாலைந்து நிமிடம் தேயுங்கள், நகம் படக்கூடாது. அம்மம்மா எண்ணெய் வைத்து உச்சியைத் தேய்த்துவிட்ட முறைக்கு ஆய்வுகூடமே சாட்சி சொல்கிறது.

சரி, எந்த எண்ணெய்க்கு உண்மையா ஆதாரம் இருக்கு?

மனிதரில் ஓரளவு ஒழுங்காகப் பார்த்தவை சிலதான். 2015 இல் ஈரானில் பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப்பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மற்றவர்களுக்கு மினொக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தை 2 வீதத்திலும் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் இரு பகுதியிலும் மாற்றமில்லை. ஆறாம் மாதத்தில் இரு பகுதியிலும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது. எதுவும் கலக்காத வெற்று எண்ணெய் பூசிய மூன்றாவது பகுதி அதில் இல்லை. அதனால் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

1998 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் செய்தது இன்னும் நல்ல ஆய்வு. அது திட்டுத்திட்டாக முடி கொட்டும் நோய்க்கானது, நாம் புழுவெட்டு என்கிறோமே அது. தைம், ரோஸ்மேரி, லவெண்டர், சிடர் மர எண்ணெய்களை வேறு எண்ணெயில் கலந்து நாள்தோறும் ஏழு மாதம் தேய்த்தவர்களில் 43 பேரில் 19 பேருக்கு முன்னேற்றம். வெற்று எண்ணெய் மட்டும் தேய்த்தவர்களில் 41 பேரில் 6 பேருக்கு. பூசணி விதை எண்ணெய்க்கு 2014 இல் கொரியாவில் 76 ஆண்களிடம் நல்ல முடிவு வந்தது. ஆனால் அவர்கள் அதைக் குளிசையாக விழுங்கினார்கள், தலையில் பூசவில்லை. பெப்பர்மின்ட் எண்ணெயின் பேர்பெற்ற முடிவு எலிகளில் கிடைத்தது.

இந்த நான்கில் ஒன்றிலாவது நனோ இல்லை. நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். எண்ணெய்க்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, நனோவுக்குத் தனியாகக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. போத்தலில் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் அந்தப் போத்தலுக்கு ஆதாரம் வந்துவிடாது. அந்தத் தயாரிப்பை மனிதத் தலையில் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

எங்கட கரிசலாங்கண்ணி எண்ணெயை விட்டிட்டு இதுக்கு மாறவோ?

மாறச் சொல்ல எனக்கு மனம் வராது. காரணம் வெறும் பாசம் மட்டுமில்லை. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். அது சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள்ளேயே போகிறது. 2003 இல் வெளியான இந்திய ஆய்வாளர்களின் ஆய்வில் தேங்காயெண்ணெய், கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடி புரதத்தை இழப்பதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். முடி முறிவதைத் தடுக்க நனோவே தேவையில்லை.

கரிசலாங்கண்ணி, நெல்லி, பொன்னாங்காணி, செவ்வரத்தம்பூ சேர்த்துக் காய்ச்சும் சித்த முறையில், சாற்றின் தண்ணீர் முழுக்க வற்றிச் சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி, வண்டலை விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார்கள். பிளெண்டர் கேள்விக்குச் சொன்ன கிருமிப் பிரச்சினையை அந்த முறை எப்போதோ தீர்த்துவிட்டது. கரிசலாங்கண்ணிச் சாறு எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. மனிதரில் பெரிய ஆய்வு வரவேண்டும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். எங்கள் தைலங்களை இந்தப் புதிய முறையில் ஏற்றிப் பார்க்கும் வேலை அங்கே நடந்தால் முதலில் மகிழ்பவர்களில் நானும் ஒருவன்.

பதினைஞ்சு நாளில வளரும் எண்டு போட்டிருக்கே?

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். ஓய்வுக்குப் போன மயிர்க்கால் திரும்ப வேலை தொடங்க மூன்று மாதமளவு பிடிக்கும். மேலே சொன்ன ரோஸ்மேரி ஆய்விலும் மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து நாள் என்று எழுதியவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

டெங்கு வந்து மூண்டு மாசம். இப்ப சீப்பு நிறைய வருது. நனோ வாங்கினா நிக்குமோ?

வாங்காவிட்டாலும் நிற்கும். கடும் காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிரசவம், பெரிய மனவுளைச்சல் போன்றவற்றுக்குப் பிறகு பல மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த முடிகள் ஒன்றாக விழும். பெரும்பாலும் ஆறு மாதமளவில் தானாகவே அடங்கிவிடும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும்.

எண்ணெய்களுக்கு வரும் புகழில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. கொட்டும்போது போத்தல் வாங்குவார்கள், தானாக நின்றதும் போத்தலுக்கு நன்றி சொல்வார்கள். உதிர்வு நீண்டுகொண்டே போனால் குருதிச்சோகையும் தைரொயிட்டும் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்துக் குறைவை எந்தத் துளியும் தோல் வழியாகத் தீர்க்காது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் உள்ளது.

கிணத்துத் தண்ணி உவர். கடலிலயும் குளிக்கிறனான். அதுதான் கொட்டுதோ?

உப்பு முடித்தண்டை வறட்டி முறிக்கும், வேரைப் பிடுங்காது. விழுந்த முடியின் நுனியில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. இல்லாவிட்டால் முறிந்தது. முறிவுக்குக் கடலில் இறங்க முன் கொஞ்சம் தேங்காயெண்ணெய், ஏறிய பின் நல்ல தண்ணீர். அவ்வளவுதான்.

மினொக்சிடிலை விட்டிட்டு இயற்கையா இதுக்கு மாறலாமோ அண்ணா?

வைத்தியரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. 1988 இல் அமெரிக்காவில் தலையில் பூச அனுமதித்தார்கள். அதற்குள்ள ஆதாரம் மேலே சொன்ன எண்ணெய்கள் எல்லாவற்றையும்விட மிகப் பலமானது. நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்தது திரும்ப விழும். புது எண்ணெய் தொடங்கியதும் முடி கொட்டினால் எண்ணெயைத் திட்டுவீர்கள், ஆனால் காரணம் மருந்தை நிறுத்தியதாக இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பூசவும் வேண்டாம். பால்மத்தில் உள்ள பொருள்கள் மருந்து உறிஞ்சப்படும் அளவைக் கூட்டலாம்.

பொடுகு இருக்கு. பூசலாமோ?

முதலில் பொடுகைச் சரிப்படுத்துங்கள். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களைத் தின்று வளர்கிறது. இரவு முழுக்க எண்ணெய் ஊறவிட்டால் பலருக்குக் கூடும். கீற்றோகொனசோல் ஷாம்பு பாவித்து அடங்கிய பிறகு எண்ணெயைப் பற்றி யோசிக்கலாம்.

பிள்ளைக்கும் வயித்துப்பிள்ளைக்காரிக்கும் பூசலாமோ? இயற்கைதானே?

இயற்கை என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை. கற்பூரம், யூக்கலிப்டஸ், பெப்பர்மின்ட் சேர்ந்தவற்றை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். மெந்தோல் மூக்கருகே பட்டால் கைக்குழந்தைக்கு மூச்சடைக்கலாம். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நனோ வாசனை எண்ணெய்களைத் தள்ளி வைப்பதே என் புத்திமதி. நல்லதை ஆழமாகக் கொண்டுபோகும் அதே முறை எரிச்சல் தருவதையும் ஆழமாகக் கொண்டுபோகும்.

மற்றவர்கள் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு துளி பூசி இரண்டு நாள் பாருங்கள். கடிக்காவிட்டால், சிவக்காவிட்டால் தலைக்குப் போகலாம். கலக்காத ரோஸ்மேரி எண்ணெயை ஒருபோதும் நேரே பூச வேண்டாம். தோலுக்கு ஒன்று இரண்டு வீதம் போதும்.

நனோ உடம்புக்குள்ள போய்த் தங்கிவிடும், புற்றுநோய் வரும் எண்டு வட்ஸ்அப்பில வந்திச்சு.

கரையாமல் தங்கும் துகளையும், உடைந்து போகும் துளியையும் வேறுபடுத்த வேண்டும். உலோகத் துகள்கள் முதல் வகை, எண்ணெயும் லெசித்தினும் இரண்டாம் வகை. தாவர எண்ணெய்த் துளியை உடம்பு சாதாரணக் கொழுப்பாகவே உடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதனச் சட்டம் 100 நனோமீற்றருக்கு உட்பட்ட, கரையாத அல்லது உடம்பில் நிலைக்கும் பொருள்களுக்குத்தான் லேபலில் "நனோ" என்று எழுதச் சொல்கிறது. எண்ணெய்த் துளிகள் அந்தப் பட்டியலில் வராது. வெள்ளித் துகள் சேர்த்த தலையெண்ணெய் வந்தால் நான் வாங்கமாட்டேன்.

இது உண்மையான நனோவா எண்டு நாங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால் முடியாது. லேசர் பேனாவால் அடித்து ஒளிக்கோடு தெரிந்தால் நனோ என்று காட்டும் காணொளிகளை நம்ப வேண்டாம். தண்ணீர் விட்ட பாலிலும் அந்தக் கோடு தெரியும். துளியின் அளவை ஒளிச்சிதறல் கருவியால்தான் அளப்பார்கள். நம் நாட்டில் நனோ ஆராய்ச்சிக்கென்றே 2008 இல் தொடங்கிய ஒரு நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. உள்ளூர் உற்பத்தியாளர் "எங்கே அளப்பது" என்று சாட்டுச் சொல்ல முடியாது. துளியின் சராசரி அளவும், துளிகள் எவ்வளவு ஒரே சீராக இருக்கின்றன என்ற எண்ணும் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டையும் தராதவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. முழுக்க எண்ணெயாக இருந்து, சேர்மானத்தில் தண்ணீரும் பால்மமாக்கியும் இல்லாவிட்டால் அது நனோ பால்மம் இல்லை, மேலே சொன்ன கொழுப்புத் துகள் வகையும் அப்படிச் சுத்த எண்ணெயாக வராது. அடுத்து வீதம். 100 மில்லிலீற்றர் போத்தலில் ரோஸ்மேரி ஒரு வீதம் என்றால் உள்ளே இருப்பது ஒரு மில்லிலீற்றர் ரோஸ்மேரி, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். விலையை அதோடு ஒப்பிடுங்கள். தயாரித்தவர் முகவரி, திகதி, சேர்மானம் இல்லாத போத்தலைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

வெயிலுக்கு மேல ஒரு படை திரண்டிருக்கு. குலுக்கிப் பூசலாமோ?

வேண்டாம். வாசனை எண்ணெய்கள் தண்ணீரில் சிறிதளவு கரையும் என்பதால் சிறு துளியின் எண்ணெய் பெரிய துளிக்கு இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். சூடு அதை விரைவுபடுத்தும். நல்ல தயாரிப்பாளர்கள் கரையாத கொழுப்பெண்ணெய் கொஞ்சம் சேர்த்து இதைத் தடுப்பார்கள். ஒருமுறை படை பிரிந்துவிட்டால் கையால் குலுக்கி நனோ ஆக்க முடியாது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம். வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

ஆறு மாசம் ஒழுங்காப் பூசினேன். ஒண்டும் தெரியேல்ல. இன்னும் பூசவோ?

நிறுத்துங்கள். தொடங்குமுன் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், வகிடெடுத்துப் படம் பிடித்து வைத்திருந்தால் இப்போது ஒப்பிடலாம். ஆறு மாதத்தில் அசைவில்லாவிட்டால் அந்த எண்ணெய் உங்களுக்குப் பொருந்தவில்லை.

இவற்றில் ஏதாவது இருந்தால் ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம்: வட்டமாக வழுக்கை விழுதல், தோல் பளபளப்பாகி மயிர்க்கால் துளைகளே மறைதல், சீழ், நோவு, புருவமும் சேர்ந்து கொட்டுதல். தழும்பாகும் வகை முடியுதிர்வில் மூடிய மயிர்க்கால் திரும்பத் திறக்காது, ஆகவே சீக்கிரம் தோல் வைத்தியரிடம் போங்கள். போகும்போது பாவித்த போத்தல்களையும் கொண்டுபோங்கள், வெறும் போத்தலானாலும் பரவாயில்லை. சேர்மானப் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வாமையா, வேறு நோயா என்று பிரித்தறிய வைத்தியருக்கு இலேசு.